பேணுதலும் பற்றும்: ஒரு பழைய காரை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள உறவினர் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அவ்வில்லத்துப் பெரியவர் காலமாகி அப்பொழுது ஓராண்டு நிறைவு பெற்றிருந்தது. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தோம். எதிரே கீற்றுக் கொட்டகையில், கித்தான் போர்த்திய நிலையில், அப்பெரியவரின் அம்பாசிடர் கார் நின்றது. 1968-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்கும், திருமணங்களுக்கும், நள்ளிரவில் மருத்துவமனைக்கும் அவ்வூரார் பலரைச் சுமந்து சென்ற வண்டி அது.

அக்காரைப் பற்றி அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே கருத்து வேற்றுமை. "இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, இரும்புக்குக் கொடுத்துவிடலாம்" என்பது மூத்தவர் கருத்து. "அப்பாவின் நினைவு அது, சில இலட்சம் செலவானாலும் புத்தம் புதிதாக ஆக்கி வைப்பேன்" என்பது இளையவர் உறுதி. இளையவரின் மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள். "மாமா, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்று இருவரும் நம்மை நோக்கினர். உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. ஊர் திரும்பிய பின்னும் அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை.

இஃது ஒரு காரைப் பற்றிய சிறு வழக்குத்தானே என எண்ணலாம். சற்று ஆழ்ந்து நோக்கின், நமக்குரிய பொருளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை யாது, அக்கடமை எவ்விடத்தில் பற்றாக மாறுகிறது என்னும் வினா அதனுள் மறைந்திருப்பது புலனாகும். ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு முடிவு கூறல் ஆகாது என்பது நம் மரபு நமக்குப் பயிற்றுவித்த நெறி. ஆகவே இருபக்கத்து நியாயங்களையும் முதலில் கேட்போம்.

பழைய கார்களை விரும்பிப் பேணுவோர் இன்று நாடெங்கும் உள்ளனர். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் அவர்கள் கூடி அணிவகுப்பு நடத்துகின்றனர். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் தாங்கிய நிறுவனத்தார் பழங்கார்களுக்கெனவே ஒரு காட்சியகம் அமைத்துள்ளனர். இவ்வார்வலர்களிடம் பேசினால் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றே: "அந்நாளில் கார்களை உழைப்பதற்குச் செய்தார்கள், இந்நாளில் மாற்றுவதற்குச் செய்கிறார்கள்."

இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஹென்றி ஃபோர்டு தம் 'மாடல் டி' காரை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமின்றிச் செய்து வந்தார். அது ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. உழவரும் தாமே பழுது பார்த்துக்கொள்ளத்தக்க எளிய பொறி அது. அவருக்குப் போட்டியாக விளங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஆல்ஃபிரட் ஸ்லோன் என்பாரின் தலைமையில் வேறொரு வழியைக் கண்டது. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தைச் சிறிது மாற்றுவது என்பதே அவ்வழி. சென்ற ஆண்டு வாங்கியவன் இவ்வாண்டு வந்ததைக் கண்டு தன் வண்டி பழையதாயிற்று என வருந்த வேண்டும். வண்டியில் பழுது இல்லை. வாங்கியவன் மனத்தில் குறை உண்டாக்கப்பட்டது. தேவையை நிறைவு செய்வதை விட்டு, நிறைவின்மையை உற்பத்தி செய்யும் இம்முறை பின்னர்ப் பல தொழில்களுக்கும் பரவியது. இன்று நம் இல்லங்களில் உள்ள கைப்பேசியும் அதே வழியில் வந்ததே அன்றோ?

பழைய வண்டியைப் பழுது பார்த்தல் எளிது என்பதும் மெய்யே. அம்பாசிடரின் முன் மூடியைத் திறந்தால் கார்பரேட்டர், டைனமோ, விசிறிப் பட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். சிற்றூர் மெக்கானிக் ஒருவர் சில ஸ்பானர்களையும் ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு அதை ஓட வைத்துவிடுவார். இன்றைய கார்களில் பலவற்றின் உள்ளே கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. அதன் குறையை அறியவே வேறொரு கருவி தேவைப்படுகிறது. தன் பொருளைத் தானே அறிந்து பேணும் உரிமையும், அப்பேணலால் வரும் பொறுப்புணர்ச்சியும் குறைந்து வருகின்றன என ஆர்வலர் வருந்துவது நியாயமே.

தொழில் துறையின் நேர்மையையும் அவர்கள் ஐயுறுகின்றனர். 2015-ஆம் ஆண்டில் வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் செயல் உலகறிய வெளிப்பட்டது. சோதனைச் சாலையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டி, தெருவில் ஓடும்போது பன்மடங்கு மிகுதியாக வெளியிடும்படி அமைக்கப்பட்ட மென்பொருள், உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் டீசல் கார்களில் இருந்தது. பொய் சொல்லும் மனிதரை நாம் அறிவோம். பொய் சொல்லும்படி பொறியையே பழக்கியது அவ்வாண்டில் உலகம் கண்ட புதுமை.

இனி மறுபக்கத்தைக் கேட்போம். பழையன எல்லாம் தூயன அல்ல. என்ஜின் இடியோசையின்றி ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயச்சேர்மம் கலக்கும் முறை 1920-களில் தொடங்கியது. ஈயம் நஞ்சு என்பது அன்றே அறியப்பட்டதுதான். எனினும் அது நெடுங்காலம் நீடித்தது. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நின்றது 2000-ஆம் ஆண்டில். உலகில் இறுதியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-இல். இன்று நாம் போற்றும் அழகிய பழங்கார்கள் ஓடிய காலத்தில் அவை உமிழ்ந்த ஈயத்தைத் தெருவோரக் குழந்தைகள் சுவாசித்தனர். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிகள் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-இல்தான் கட்டாயமாயின. அதற்கு முன் வந்த வண்டியில் அஃது இல்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளுக்கு உட்பட்ட புதுக் காரையும் அறுபது ஆண்டுப் பழங்காரையும் அருகருகே ஓடவிட்டால், எதன் பின்னால் நிற்க மனம் ஒப்பும் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

உயிர்க்காப்பும் அவ்வாறே. மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் இருக்கைப் பட்டையை நில்ஸ் பொலின் என்னும் பொறியாளர் 1959-இல் வோல்வோ நிறுவனத்திற்காக வடிவமைத்தார். அந்நிறுவனம் காப்புரிமையைப் பிறர்க்கும் திறந்துவிட்டது. பொருளீட்டும் நிறுவனம் ஒன்று, தனக்கு வரக்கூடிய ஊதியத்தை விட்டுக்கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆகவே கார்த் தொழில் என்றாலே பேராசை என்று கூறிவிடுதலும் ஒருதலைப் பார்வையாகவே முடியும்.

நம் நாட்டுக் கார்த் தொழிலின் தொடக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. சோலாப்பூரில் சமணக் குடும்பம் ஒன்றில் 1882-இல் பிறந்த வால்சந்த் ஹீராசந்த், அயலார் ஆட்சிக் காலத்திலேயே கப்பலும் விமானமும் காரும் இந்நாட்டில் செய்யப்பட வேண்டும் என உழைத்தவர். 1944-இல் பம்பாயில் அவர் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்திலிருந்தே பின்னாளில் ஃபியட் கார்களும், 'பத்மினி' என்னும் பெயருடைய காரும் வெளிவந்தன. அவருக்குச் சற்று முன்னர், 1942-இல், பிர்லா குடும்பத்தார் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஆங்கிலேய நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி அம்பாசிடரைச் செய்தது. நம் சென்னைக்கு அருகிலும் ஸ்டாண்டர்டு கார்கள் செய்யப்பட்டன. பிறர் கையை எதிர்பாராமல் நம் தேவையை நாமே நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அத்தொழிலின் அடியில் இருந்தது.

எனினும், அக்காலத்தைப் பொற்காலம் எனப் பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அன்று கார் வேண்டுவோர் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அதனால்தான் வாங்கியதை வாழ்நாள் முழுதும் காத்தனர். போட்டியின்மையால் கார்களின் வடிவமும் பெரும்பாலும் மாறவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பின் காட்சியே மாறியது. அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றது. ஆகவே அந்நாளில் நம்மவர் காட்டிய சிக்கனம் முழுவதும் அறத்தால் விளைந்ததன்று. ஒரு பகுதி வேறு வழியின்மையால் விளைந்தது. கியூபா நாட்டில் 1950-களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுவதைப் பலர் வியந்து பேசுகின்றனர். வணிகத் தடையால் புதியன வாராத நிலையில், அம்மக்கள் கிடைத்ததைக் கொண்டு ஓட்டினர். அவர்களது திறன் போற்றத்தக்கது; அதைத் துறவு என்று கூறிவிட இயலாது. கிடைக்காததை விட்டிருத்தல் வேறு, கிடைப்பதை வேண்டாவென விடுதல் வேறு.

இன்னொன்றும் உண்டு. புதிய கார் விற்றால்தான் திருப்பெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் ஆலைகளின் வாயில் திறந்திருக்கும். ஃபோர்டு நிறுவனம் 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகர்த் தொழிலாளர் எத்துணைக் கலக்கம் அடைந்தனர் என்பதை நாம் செய்தித்தாள்களில் கண்டோம். பழையதைப் பேணுவோரின் சிக்கனம் பிறருடைய பிழைப்போடும் தொடர்புடையது. ஆயினும், வேலை வேண்டும் என்பதற்காகத் தேவையற்றதை வாங்கிக்கொண்டே இருத்தல் அறமாகிவிடாது. பழுது பார்ப்பவனும் தொழிலாளியே. அவன் பிழைப்பும் பிழைப்பே.

இருதிறத்தார் கூற்றிலும் பாதி உண்மை உண்டெனக் கண்டோம். அங்ஙனமாயின் எதைக் கொண்டு முடிவு செய்வது? காரின் வயதைக் கொண்டு செய்ய இயலாது. பழைமையாலேயே ஒரு பொருள் உயர்ந்துவிடுவதில்லை. புதுமையாலேயே தாழ்ந்துவிடுவதும் இல்லை. உடையவனின் மனநிலையையே நோக்க வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பை நம் பெரியோர் வகுத்தபோது, பொருளின் எண்ணிக்கையோடு நில்லாமல், பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே பற்று என விளக்கினர். அவ்விளக்கத்தின்படி, பத்துக் கார் வைத்திருப்பவனைப் போலவே, ஓடாத ஒரே காரின்மேல் உயிரை வைத்திருப்பவனும் எண்ணிப் பார்க்க வேண்டியவனே.

2022 மே மாதத்தில் மெர்சிடிஸ் நிறுவனம் 1955-ஆம் ஆண்டின் பந்தயக் கார் ஒன்றை விற்றது. அவ்வகையில் செய்யப்பட்டவை இரண்டே. விலை பதின்மூன்றரைக் கோடி யூரோ. உலகில் அதுகாறும் எந்தக் காரும் அவ்விலைக்குப் போனதில்லை. விற்றுக் கிடைத்த தொகையை இளைஞர் கல்விக்கான நிதியாக்கினர். இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். ஒருவர் கையில் அது கிடைத்தற்கரிய உடைமை. விட்டுக்கொடுத்தவர் கையில் அது பல மாணவர்க்குக் கல்வி. கார் ஒன்றே, கொள்ளுதலும் விடுதலும் அதனை வெவ்வேறாக்கின.

நம் அரசின் விதியொன்றும் இவ்வேறுபாட்டை வேறு வகையில் காட்டுகிறது. 2021 ஜூலையில் வெளியான விதியின்படி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல அமைப்பு மாறாமல் உள்ள வண்டியைப் பழம்பெரும் ஊர்தி எனத் தனி வரிசையில் பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவு செய்தபின் அதனை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டுதல் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றிற்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அதாவது வண்டி காட்சிப் பொருளாகிறது. ஊர் மாசுபடாமல் இருக்க இஃது ஏற்ற விதியே. ஆனால், ஓட வேண்டியது ஓடாமல் நிற்கும் அந்நிலையைத்தான் நாம் பேணுதல் என்கிறோமா என்பதை உடையவரே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மும்பையில் பத்மினி வாடகைக் கார்கள் தம் கால வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் தெருவிலிருந்து விடைபெற்றன. மக்கள் அவற்றிற்காகக் கண் கலங்கினர். அவை இறுதி நாள் வரையிலும் யாரையேனும் எங்கேனும் கொண்டு சேர்த்தன என்பதால் எழுந்த அன்பு அது.

இச்சிந்தனைகளோடு நாம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். இம்முறை ஒரு காலைப் பொழுது. பாட்டரி தளர்ந்துவிடக் கூடாதென்று இளையவர் வாரம் ஒருமுறை என்ஜினை ஓட விடுவது வழக்கம். அன்றும் விட்டார். நீலப்புகை கொட்டகையை நிறைத்து அடுத்த வீட்டு முற்றத்தில் படிந்தது. அவ்வீட்டுத் தாய் ஒன்றும் கூறவில்லை. சன்னலை மட்டும் சாத்தினார். அவர் மகனுக்கு இரைப்பு நோய் உண்டென்பது இளையவரும் அறிந்ததே. ஓரறிவுயிர்க்கும் ஊறு நேராமல் அடிவைத்து நடக்க வேண்டும் எனப் பேசும் நாம், அந்தச் சன்னல் சாத்தப்படும் ஓசையைக் கேளாமல் இருத்தல் தகுமா?

அன்று வேறொன்றும் கண்டோம். மூத்தவரின் பேரக் குழந்தை கித்தானை விலக்கிக்கொண்டு காரின் பின்னிருக்கையில் ஏற முயன்றது. "தொடாதே, கீறல் விழும்" என்று இளையவர் அதட்டிக் கொட்டகையைப் பூட்டினார். அப்பொழுது மூத்தவர் மெல்லக் கூறினார்: "அப்பா இருந்தவரை இந்தக் கதவை யாருக்கும் சாத்தியதில்லை, தம்பி." காரை விற்கத் துணிந்தவர் அவர். ஆயினும் தந்தை அக்காரைக் கொண்டு என்ன செய்தார் என்பதை அவரே நினைவில் வைத்திருந்தார். பேறுகால வலியோடு வந்த பெண்ணுக்கும், பாம்பு தீண்டிய கூலியாளுக்கும், நடக்க இயலாத முதியோர்க்கும் அந்தக் கதவு திறந்தது. பின்னிருக்கையில் படிந்த கறைகள் சில அவ்வாறு வந்தவை. புத்தம் புதிதாக்கும் முயற்சியில் முதலில் அழிவன அக்கறைகளே அல்லவா?

நமக்கு விடை அங்கே கிடைத்தது. அப்பெரியவரின் மக்கள் வழிவழியாகக் கொள்ள வேண்டியது அவர் திறந்து வைத்த கதவு. கார் அதற்குக் கருவி. கருவி உதவுமாயின் வைத்துக்கொள்ளலாம். உதவாதாயின் வேறு கருவி தேடலாம். பேணுதலுக்கும் பற்றுக்கும் உள்ள எல்லையை மூன்று வினாக்களால் அளந்தறியலாம் என நாம் கருதுகிறோம். இப்பொருள் பிறர்க்குத் தீங்கு செய்கிறதா? நம்மைச் சார்ந்தோர்க்கு உரியதைப் பறித்துக்கொண்டு இதற்கு ஊட்டுகிறோமா? நாளை இதனை இழக்க நேர்ந்தால் நெஞ்சு அமைதி கொள்ளுமா? இம்மூன்றனுக்கும் அஞ்சாது விடை கூற முடிந்தவன் எத்துணைப் பழைய பொருளையும் பேணலாம். கூற முடியாதவனுக்குப் புதுப் பொருளும் தளையே.

நாம் இவற்றைச் சகோதரர் இருவரிடமும் கூறினோம். இளையவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, செலவுக்கு ஒரு வரம்பு கட்டிக்கொள்வதாகவும், மகளின் கல்விக்கெனச் சேர்த்ததில் கை வைப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெயின்ட்டும் பளபளப்பும் பின்னர். முதலில் புகை நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. என்ஜினைச் சீர்செய்து, தகுதிச் சோதனைக்குக் கொண்டு செல்வது. தேறினால் பொதுவழக்குப் பதிவையே புதுப்பித்து, தந்தையைப் போல ஊருக்கும் உதவும்படி வைத்துக்கொள்வது. தேறாவிடில் முறைப்படி கழிவு நிலையத்தில் ஒப்படைப்பது. "அப்பொழுது வருத்தமாயிருக்குமே" என்றார் இளையவர். வருத்தம் இருக்கலாம், பூசல் இராது என்றோம்.

அவர் தம் வரம்பை மீறாமல் இருப்பாரா என்பதை நாம் உறுதியாகக் கூற வல்லோம் அல்லோம். பற்று என்பது ஒருநாள் பேச்சில் நீங்குவதன்று. சென்ற வாரம் அவரிடமிருந்து மடல் வந்தது. என்ஜினைக் கழற்றி மெக்கானிக் திண்டிவனத்திற்கு எடுத்துச் சென்றிருக்கிறார். என்ஜின் இல்லாத கார் கொட்டகையில் நிற்கிறது. கொட்டகைப் பூட்டை அவர் எடுத்துவிட்டாராம். மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகள் ஏறி அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, சித்தாமூருக்கும் சென்னைக்கும் போய் வருகின்றனராம். இரைப்புள்ள அந்தச் சிறுவனும் அவர்களுள் ஒருவன்.

நம் இல்லங்களிலும் பூட்டிய கொட்டகைகள் இருக்கக் கூடும். அவற்றுள் இருப்பது கார் ஆயினும் வேறெது ஆயினும், ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.